குதிரையை விட்டிருக்கும் லாயம்: கட்டணம் கூடுதல், கணக்கு நேர்

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்று ஏன் குறைந்தது என்று கீழே சொல்கிறேன். முதலில் எல்லோரும் கேட்கிற கேள்வி: ஆமாம், சுற்றுவட்டாரத்தில் கட்டணம் கூடுதலான லாயம் இதுதான். முன்பு குதிரையை விட்டிருந்த இடத்தைவிட மாதத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். குதிரை வைத்திருப்பதே யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு, இதில் இன்னும் காசு கூட்டிக் கொடுக்கிறாயா என்று கேட்டார்கள். கொடுக்கிறேன். ஏனென்றால் எதற்குக் கொடுக்கிறேன் என்று இங்கேதான் தெரிந்தது.

முதல் முறை பார்க்கப் போனபோது லாயத்தை நடத்துகிற அம்மா கட்டணத்தைச் சொல்வதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து நீட்டினார். தீவனம், படுக்கைக்கு மரச்சீவல், ஆள் கூலி, இடத்துக்கும் கட்டடத்துக்கும் ஆகிற செலவு, காப்பீடு, வேலி கூரை பழுதுக்கு ஒதுக்குவது, லத்தியை அள்ளி அப்புறப்படுத்துவது, கடைசியில் அவருடைய சம்பளமும் லாபமும், எல்லாம் ஒரு குதிரைக்கு ஒரு மாதத்துக்கு என்று வகுத்துப் போட்டிருந்தது. லத்திக்குத் தனிக் கணக்கா என்று சிரிக்க வேண்டாம். 500 கிலோ குதிரை ஒன்று ஒரு நாளைக்கு லத்தியும் சிறுநீருமாக 20 கிலோவுக்கு மேல் போடும், அது எங்கேயாவது போயாக வேண்டும், வண்டிக்காரர் சும்மா வரமாட்டார். அந்தத் தாளில் பெரிய தொகை தீவனம் இல்லை, கூலி. அதில் அவர் சொந்த உழைப்புக்கும் கூலி போட்டிருந்தார். "என் சம்பளத்தைச் சேர்க்காமல் விலை வைத்தால் இரண்டு வருஷத்தில் நான் மூடிவிட்டுப் போய்விடுவேன் சார், அப்புறம் உங்கள் குதிரையை எங்கே கொண்டுபோவீர்கள்?" என்றார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

பல லாயங்களில் கட்டணம் எப்படி வைக்கிறார்கள் என்றால், பக்கத்து லாயம் என்ன வாங்குகிறது என்று பார்த்து அதில் கொஞ்சம் குறைத்து வைத்துவிடுகிறார்கள். பக்கத்து லாயத்துக்காரருக்குச் சொந்த நிலமா, புல் அவரே விளைவிக்கிறாரா, வீட்டு ஆட்களே வேலை செய்கிறார்களா, இதெல்லாம் கணக்கில் வருவதில்லை. ஆரம்பத்தில் நமக்கு லாபம்தான். காய்ந்த புல் விலை ஏறினால்தான் தெரியும் கதை. சொன்ன கட்டணத்தை ஏற்றக் கூச்சப்பட்டுக்கொண்டு குதிரையின் தீனியில் கை வைப்பார்கள். முன்பிருந்த இடத்தில் அதுதான் நடந்தது. காலையில் இரண்டு அடுக்கு, மாலையில் இரண்டு அடுக்கு புல் என்பது பேச்சு. அடுக்கு என்பது புல் கட்டைப் பிரித்தால் வருகிற ஒரு தட்டு. அடுக்கு எண்ணிக்கை கடைசி வரை மாறவில்லை, அடுக்குதான் மெலிந்துகொண்டே போனது. ஒரு அடுக்கு 1 கிலோவாகவும் இருக்கலாம், 3 கிலோவாகவும் இருக்கலாம். நிறுக்காதவரை யாரையும் கேள்வி கேட்க முடியாது. குதிரையின் விலா தெரிய ஆரம்பித்ததும் கேட்டேன், "வயசாகுதில்ல சார்" என்று பதில் வந்தது.

புதிய லாயத்தில் தீவன அறை வாசலில் ஒரு தொங்கு தராசு மாட்டியிருக்கிறார்கள். புல் வலையை நிரப்பி, அந்தக் கொக்கியில் மாட்டி, முள் நின்ற பிறகுதான் கொட்டிலுக்கு எடுத்துப் போகிறார்கள். பக்கத்துச் சுவரில் கரும்பலகை, ஒவ்வொரு குதிரையின் பெயருக்கும் நேரே எத்தனை கிலோ, எந்த நேரம், தானியம் உண்டா இல்லையா. ஒரு நாளைக்கு உடல் எடையில் 2 சதவீதம் என்பது பொதுக்கணக்கு, 500 கிலோ குதிரைக்கு 10 கிலோ தீனி, அதில் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும். கொழுத்ததற்குக் குறைப்பார்கள், உழைக்கிறதற்குக் கூட்டுவார்கள். நடத்துகிற அம்மா மாதா மாதம் ஒவ்வொரு குதிரையின் விலா, முதுகு, வால் அடி எல்லாம் தடவிப் பார்த்து 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகக் கொழுப்பு) வரை ஒரு மதிப்பெண் குறிக்கிறார். 1983-ல் ஹென்னெக் என்பவர் கொண்டுவந்த முறை அது, கையும் கண்ணும் போதும், கருவி எதுவும் வேண்டாம். மதிப்பெண் 4-க்குக் கீழே போனால் நமக்குத் தகவல் வருகிறது. இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

அளவு மட்டும் இல்லை, நேரமும் விஷயம். குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு ரொம்பச் சின்னது, தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மாலை 5 மணிக்குப் போட்டுவிட்டு மறுநாள் காலை 7 மணிக்கு அடுத்தது என்றால் புல் தீர்ந்த பிறகு இரவெல்லாம் வெறும் வயிறு, புண் வராமல் என்ன செய்யும்? இங்கே இரவு 9 மணிக்கு ஒருவர் சுற்றி வந்து இன்னொரு வலை புல் மாட்டுகிறார், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறார், எந்தக் குதிரையாவது படுத்துப் புரள்கிறதா, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா என்று கவனிக்கிறார். குதிரைக்கு வாந்தி வராது, வயிற்றுவலி வந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அந்த இரவுச் சுற்றுக்கு ஒரு ஆள் கூலி ஆகிறது. கட்டணம் கூடுதலாக இருப்பதில் கணிசமான பங்கு இதுதான். குறைந்த விலை லாயங்கள் முதலில் வெட்டுவதும் இதைத்தான், யாரும் பார்க்காத நேரம் பாருங்கள்.

கொட்டில் 12க்கு 12 அடி, சுத்தம். சுத்தமா என்று பார்க்க நின்றபடி மோந்து பார்த்தால் போதாது. குனிந்து, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள், குதிரை புல் தின்பதும் படுப்பதும் அந்த உயரத்தில்தான். பல இடங்களில் அங்கே சிறுநீர் வாடை கண்ணைக் கரிக்கும். இங்கே நான் சொல்லாமல் கொள்ளாமல் போன ஒரு மதிய நேரத்திலும் மரவாசனைதான் வந்தது.

சரி, கூடுதல் கட்டணங்கள். எனக்குப் பெரிய பேச்சு இருப்பது இங்கேதான். முன்பிருந்த இடத்தில் மாத வாடகை குறைவு, ஆனால் எல்லாவற்றுக்கும் தனி விலை. போர்வை போட ஒரு கட்டணம், எடுக்க ஒரு கட்டணம், ஈ முகமூடி மாட்ட ஒரு கட்டணம், லாடம் அடிப்பவர் வரும்போது குதிரையைப் பிடித்துக்கொள்ள ஒரு கட்டணம், கால்நடை மருத்துவர் வந்தால் அதே பிடிக்கு இரட்டைக் கட்டணம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது போல, பாதி மாதத்துக்கே இரண்டாவது பில் வரும். காசைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. போர்வைக்குத் தடவைக் கணக்கில் காசு என்றால், இன்றைக்குக் குளிர் சுமார்தானே, வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். நனைந்து நடுங்கி நிற்பது குதிரை. தினம் தேவைப்படுகிற எதற்கும் தடவைக் கணக்கில் விலை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. இந்த லாயத்தில் போர்வை, முகமூடி, கலந்து வைத்த மருந்தைத் தீவனத்தில் போடுவது எல்லாம் மாதக் கட்டணத்துக்குள்ளேயே வருகிறது.

லாடம் அடிக்கும்போது பிடிப்பதற்கு மட்டும் தனியாக வாங்குகிறார்கள், நாமே வந்து பிடித்தால் இல்லை. இது நியாயம். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வருகிற வேலை, ஒரு ஆளின் நேரம் முழுசாகப் போகிறது, வந்து நிற்கிறவரிடமும் வராதவரிடமும் ஒரே காசு வாங்குவதுதான் அநியாயம். அடிபட்டு ஓய்வில் இருக்கும் குதிரையைக் கையில் பிடித்து நடத்துவது, புண்ணுக்குத் தினம் கட்டு மாற்றுவது, இதற்கும் தனிக் கட்டணம், முன்கூட்டியே தாளில் இருக்கிறது. பல் தேய்ந்த கிழக் குதிரைகளுக்குத் தீவனத்தை ஊறவைத்து மூன்று நான்கு வேளையாகக் கொடுக்க வேண்டும், அதற்கும் கூடுதல்தான். கிழட்டுக் குதிரைக்காரர்கள் சிலர் இதற்கு முணுமுணுக்கிறார்கள். ஆனால் என் இளங்குதிரைக்கு நான் கொடுப்பதிலிருந்து அவர்கள் குதிரைக்கு ஊறல் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியா? அதே மாதிரி மட்டக்குதிரைக்கு ஒரு விலை, பெரிய குதிரைக்கு ஒரு விலை. 200 கிலோ மட்டத்துக்கும் 700 கிலோ பாரவண்டிக் குதிரைக்கும் ஒரே கட்டணம் வாங்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன், அங்கே மட்டக்குதிரைக்காரர்தான் ஏமாளி.

ஒப்பந்தம் இரண்டே பக்கம். கட்டணத்தை மாற்றினாலும் காலி செய்தாலும் இரு தரப்பும் 30 நாள் முன்னறிவிப்பு. புல் விலைக்கு ஒரு தனி விதி: கொள்முதல் விலை ஒரு அளவுக்கு மேல் ஏறினால் அந்த வித்தியாசம் மட்டும் பில்லில் தனித் தொகையாக வரும், இறங்கினால் அந்தத் தொகை போய்விடும். ஏற்றுவதை எல்லோரும் செய்வார்கள், இறக்குவதைத்தான் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். புது அறுவடை வந்த மாதம் பில்லில் அந்தத் தொகை இல்லை, நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை. நம்மைத் தொலைபேசியில் பிடிக்க முடியாத நேரத்தில் குதிரைக்கு ஏதாவது ஆனால் எவ்வளவு செலவு வரை அவர்களே மருத்துவரை அழைக்கலாம் என்றும் நம்மிடமே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். புதிதாக வரும் குதிரை மூன்று வாரம் தனிக் கொட்டிலில், தனி வாளி, தனி புருசு. குதிரைக்குக் குதிரை ஒட்டிப் பரவும் தொண்டைக்கட்டி நோய் ஒன்று நுழைந்தால் மொத்த லாயமும் முடங்கும் என்பதால் இதற்கான செலவை எல்லோருடைய கட்டணத்திலும் பரப்பிவிட்டிருக்கிறார்கள், புதிதாக வருபவர் தலையில் மட்டும் கட்டவில்லை. பாதுகாப்பு பழைய குதிரைகளுக்குத்தானே, சரிதான்.

இனி குறைகள். சவாரித் திடல் முதல் குறை. மாலையில் சவாரி கற்க வரும் பிள்ளைகளுக்கு அதே திடலைத்தான் ஒதுக்குகிறார்கள். வேலை முடிந்து நாம் போகிற நேரமும் அதுதான். ஓரமாக இரண்டு சுற்று நடத்திவிட்டுத் திரும்ப வேண்டியதாக இருக்கிறது, ஒரு பிள்ளை பந்து மாதிரி உருண்டு விழுந்தால் எல்லோரும் நிறுத்த வேண்டும். திடலுக்கான செலவு எங்கள் கட்டணத்தில் இருக்கிறது, பயிற்சி வருமானம் அவர்களுக்குப் போகிறது. நேரம் பிரித்துக் கொடுங்கள், இல்லையென்றால் திடலுக்கான தொகையைக் குறையுங்கள் என்று கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம் சார்" என்ற பதில் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று, குதிரையை வெளியே கொண்டுபோயிருக்கும் நாட்களுக்குத் தீவனக் காசைக் கழிப்பது. கொட்டில் வாடகையைக் கழிக்கச் சொல்லவில்லை, இடம் நமக்காகத்தான் காலியாகக் கிடக்கிறது. ஆனால் தின்னாத புல்லுக்கு எதற்குக் காசு? இரண்டு வாரத்துக்கு மேல் போனால்தான் கழிப்பார்களாம். ஒரு வாரம் என்று வைத்திருக்கலாம். நுழைவாயில் பக்கத்து மேய்ச்சல் திடல் மழையில் சேறு, அங்கே விடுகிற குதிரைகளின் குளம்பைத் தினம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் மறுநாள்தான், அவசரம் என்றால் நேரே கூப்பிடுங்கள்.

பாதிப் பராமரிப்பு என்று ஒரு திட்டமும் இருக்கிறது, வார நாட்களில் அவர்கள், விடுமுறையில் நாம். கட்டணம் கவர்ச்சியாகத்தான் இருக்கும். முழுப் பராமரிப்புக்கு இவ்வளவு துல்லியமாகத் தாள் போட்டவர்கள் இதற்கு மட்டும் ஏனோ வாய்ப்பேச்சோடு விட்டுவிட்டார்கள். பக்கத்துக் கொட்டில்காரர் அந்தத் திட்டத்தில்தான் இருக்கிறார். ஒரு விடுமுறை நாளில் அவர் வரத் தாமதமாகி, மதியம் வரை தொட்டியில் தண்ணீர் இல்லாமல் குதிரை நின்றது. ஒரு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் குடிக்கிற பிராணி அது. யார் பொறுப்பு என்று பெரிய வாக்குவாதம், இருவருமே தங்கள் மேல் தப்பில்லை என்றார்கள், எழுத்தில் எதுவும் இல்லாததால் இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. கடைசியில் தண்ணீர் பிடித்து ஊற்றியது லாயத்தில் வேலை செய்யும் அண்ணன், அவருக்கு அன்றைக்கு விடுமுறை.

முழுப் பராமரிப்பு என்றால் யோசிக்காமல் போகலாம், இப்போது இரண்டு கொட்டில் காலி என்று சொன்னார்கள். பாதித் திட்டம் என்றால், தண்ணீர், இரவுச் சுற்று, நீங்கள் வர முடியாத நாளுக்கு என்ன கட்டணம், இந்த மூன்றையும் அந்த அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். கேட்டால் எழுதித் தருவார், கோபப்படுகிற ஆள் இல்லை.