பெரிய எழுத்து ஒத்துவாக்கிய வேதாகமம்: பூட்டிய கோயிலுக்கு வெளியே ஒன்றரை வருடம்

அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்த பிறகும் பொடி எழுத்து பிடிபடவில்லை, அதனால்தான் இந்த வேதாகமத்தை வாங்கினேன். பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் மூன்று அளவுகளைக் கையில் தூக்கிப் பார்த்தேன். பழைய மொழிபெயர்ப்பு, பக்கத்தின் நடுவில் ஒத்துவாக்கியக் குறிப்புகள் (ஒரு வசனத்தோடு ஒத்துப்போகும் வேறு வசனங்களின் எண்கள்), ஓரத்தில் புத்தகப் பெயர்களுக்கு விரல் வைத்துத் திறக்கும் வெட்டு, கறுப்பு அட்டை. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அம்மா தானே வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

வாங்கி மூன்று வாரத்தில் எங்கள் கோயிலைப் பூட்டிவிட்டார்கள். ஆகவே எழுத்து எப்படி, தாள் எப்படி என்பதோடு, சபையும் தலைவர்களும் வழிதவறி நிற்கும்போது இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படித் தேவனைத் தேடினோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் சேகரத்தின் (ஒரு குருவானவரின் கீழ் இருக்கும் சபைகளின்) பெயரும் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அவர்கள் ஊரே போதும்.

பேராயரின் கீழ் பல சேகரங்கள் சேர்ந்ததுதான் திருமண்டலம், அதன் நிர்வாகத் தேர்தலில் இரண்டு அணி. கணக்கு கேட்டவர்கள் ஒரு பக்கம், கணக்கு காட்டாதவர்கள் ஒரு பக்கம் என்றுதான் முதலில் நினைத்தோம், போகப்போக இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. கைகலப்பு, போலீஸ் புகார், வழக்கு. கோயில் கதவில் முதலில் ஒரு அணி பூட்டு போட்டது, அதன்மேல் இன்னொரு அணி பூட்டு போட்டது, கடைசியில் அதிகாரிகள் வந்து இரண்டு பூட்டையும் சேர்த்துத் துணி சுற்றி அரக்கு வைத்தார்கள். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வழக்கம்போல முதல் மணி கேட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை தாத்தா மணிக்கூண்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், காவலுக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்களும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "மணியை யாரும் பூட்டலையே" என்றார். முகத்தில் கண்ணீர். வேப்பமரத்தடியில் நாற்பது பேர் போல உட்கார்ந்தோம். ஆராதனைப் புத்தகங்கள் எல்லாம் உள்ளே இருந்தன. அன்றைக்கு வெளியே இருந்த ஒரே பெரிய எழுத்து வேதாகமம் அம்மா கையில் இருந்த இதுதான்.

சரி, எழுத்தைப் பற்றி. உண்மையிலேயே பெரியது. அம்மா கண்ணாடியோடு ஒரு முழ தூரத்தில் வைத்து வாசிக்கிறார்கள். வரி இடைவெளி நன்றாக விட்டிருக்கிறார்கள், 'ண', 'ன' குழப்பம் இல்லை, வசன எண் தடித்த எழுத்தில் தனியாகத் தெரிகிறது. தாள் மெல்லியது, பின்பக்க எழுத்து லேசாகத் தெரியும், பகல் வெளிச்சத்தில் தொந்தரவில்லை, குண்டு பல்பின் கீழ் கொஞ்சம் சிரமம். இயேசு பேசும் வசனங்களைச் சிவப்பு மையில் போட்டிருப்பது இளவட்டங்களுக்கு அழகு, வயதானவர்களுக்கு ராத்திரியில் அந்தச் சிவப்பு மங்கிப் போகிறது. நான்கு சுவிசேஷங்களையும் அம்மா பகலில்தான் வாசிக்கிறார்கள்.

இந்தப் பதிப்பின் பெரிய பலம் நடுவில் இருக்கும் குறிப்புகள். வெளியில் கோபமும் உள்ளே சோர்வுமாக இருந்த மாதங்களில் அந்தப் பொடி எண்களைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தோம். முதலில் போய் நின்ற இடம் 1 சாமுவேல். பெரிய ஆசாரியன் ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும், இஸ்ரவேலர் பலியிடப் போன சீலோவில் ஆசாரியர்கள். ஜனங்கள் பலியிட்ட இறைச்சி வெந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் அனுப்பும் வேலைக்காரன் 'மூன்று கூருள்ள' ஆயுதத்தைப் பானைக்குள் விட்டுக் குத்தி எடுத்துக்கொண்டு போவான். கொழுப்பைத் தகனிக்கும் முன்பே பச்சையாகக் கொடு, இல்லாவிட்டால் பலவந்தமாக எடுப்பேன் என்பான். அதனால் மனுஷர் கர்த்தரின் காணிக்கையையே வெறுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. வேப்பமரத்தடியில் அம்மா இதை வாசித்தபோது ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. காணிக்கைப் பையைப் பார்த்தாலே எங்களுக்குள் எழும் வெறுப்புக்கு இத்தனை பழைய பெயர் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் ஒரு பக்கம் பின்னால் திருப்பினோம். அங்கே அன்னாள். சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான், பிள்ளையில்லாத பெண் அழுது ஜெபித்து சாமுவேலைப் பெற்றாள். ஆனால் முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்தில், அவள் வருஷந்தோறும் போன சீலோவில் ஓப்னியும் பினெகாசும் ஆசாரியராயிருந்தார்கள் என்று தெளிவாக எழுதியிருப்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. அந்தப் பானையும் அந்த ஆயுதமும் அந்தப் பையன்களும் இருந்த அதே இடத்துக்குத்தான் அவள் போனாள். அங்கே இருந்த பெரிய ஆசாரியன் ஏலியோ அவள் உதடு அசைவதைப் பார்த்துக் குடித்து வெறித்திருக்கிறாள் என்று அதட்டினான். அவன் கண் அவ்வளவுதான் கண்டது. அவள் தன் மனவேதனையைச் சொன்ன பிறகுதான், சமாதானத்தோடே போ, நீ கேட்டதைத் தேவன் கொடுப்பாராக என்றான். அப்படிப்பட்ட இடத்திலும் கர்த்தர் கேட்டார். 'உம்முடைய கண்களிலே தயை' கிடைக்கட்டும் என்று ஏலியிடம் சொல்லிவிட்டு அவள் போய்ச் சாப்பிட்டாள், அதன்பின் அவள் முகம் துக்கமாயிருக்கவில்லை. இந்த இடத்தை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கில்லை. ஆசாரியன் கெட்டுப்போனால் நம் ஜெபமும் கெட்டுப்போய்விடுமோ என்ற பயம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் இருந்தது. இப்படிப்பட்டவர் கையால் வாங்கிய ஞானஸ்நானம் செல்லுமா என்று ஒரு அக்கா நேரடியாகவே கேட்டார்கள். அன்னாளைக் காட்டினோம்.

சீலோவிலிருந்து குறிப்பு எரேமியா 7-க்குப் போகிறது. 'கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம்' என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டு நம்பியிருந்தவர்களிடம், போய் சீலோவுக்கு நான் செய்ததைப் பாருங்கள் என்கிறார் தேவன். 'கள்ளர் குகை' என்ற சொல்லும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது. இயேசு தேவாலயத்தில் நின்று சொன்னதற்கு வேர் இங்கே. நூறு வருடம் தாண்டிய கட்டிடம், எங்கள் தாத்தாமார் சுண்ணாம்பு சுமந்து கட்டியது என்று பெருமை பேசிய எங்களுக்கு அது கசப்பாக இருந்தது.

எசேக்கியேல் 34 பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு அணியும் ஒரே வசனத்தை ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தார்கள். 'தங்களையே மேய்க்கிற' மேய்ப்பருக்கு ஐயோ என்ற வசனம். போனில் வந்தது அந்த ஒற்றை வரிதான். புத்தகத்தில் கண் தானாகக் கீழே போகிறது. பதினேழாம் வசனத்துக்கு மேல் தேவன் மேய்ப்பரை விட்டுவிட்டு ஆட்டுக்கும் ஆட்டுக்கும் நியாயம் தீர்க்க வருகிறார். நல்ல மேய்ச்சலைத் தின்றுவிட்டு மிச்சத்தைக் காலால் மிதித்த ஆடு, தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் கலக்கிய ஆடு, பலவீனமானதை விலாவினாலும் தோளினாலும் தள்ளிய ஆடு. இதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை, நானும் அனுப்பவில்லை.

ஏனென்றால் நானும் அந்த ஆடுதான். அதற்கு முந்தைய தேர்தலில் யார் நேர்மையானவர் என்று பார்த்தா ஓட்டுப் போட்டேன்? சித்தப்பா மகளுக்குத் திருமண்டலப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை பேசிவைத்திருந்தார்கள், அந்த அணிக்குப் போட்டேன். வேலையும் கிடைத்தது. மல்கியா முதல் அதிகாரம் வந்த ராத்திரி அம்மா வாசித்துக்கொண்டிருந்தார்கள், குருட்டு ஆட்டையும் நொண்டி ஆட்டையும் பலிபீடத்துக்குக் கொண்டுவந்த ஆசாரியர்களைப் பற்றி. தேவன் நம்மேல் இரங்கும்படி அவருடைய சமுகத்தை நோக்கிக் கெஞ்சுங்கள் என்ற ஒன்பதாம் வசனத்தை வாசித்தார்கள். அதற்கடுத்த சிறு வாக்கியம், 'இது உங்களாலே வந்த காரியம்.' அம்மா அங்கே நிறுத்தினார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாமளுந்தானய்யா ஓட்டுப் போட்டோம்" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. ஆசாரியர்களைப் பார்த்துச் சொன்ன வசனம்தான் அது, ஆனால் அந்த ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் எங்களைப் பார்த்துத்தான் சொன்னது. அந்த வசனத்துக்குப் பக்கத்துக் குறிப்பு ஓசியா 13:9. திருப்பினால், நீ உனக்குக் கேடுண்டாக்கிக்கொண்டாய், 'ஆனாலும் என்னிடத்தில் உனக்குச் சகாயம் உண்டு' என்று இருக்கிறது. அம்மா அழுதார்கள், நானும் அழுதேன். தேவதயவைத் தேடுவது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், அந்தக் குறிப்பைத்தான் காட்டுவேன்.

ஒரு குறையும் அதே பக்கத்தில்தான் கண்ணில் பட்டது. பத்தாம் வசனம் இந்தப் பழைய மொழிபெயர்ப்பில், கூலியில்லாமல் கதவுகளைப் பூட்டுகிறவன் உங்களில் யார் என்ற பொருளில் வருகிறது. நண்பர் வீட்டில் 1995-இல் வந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை எடுத்துப் பார்த்தால் பொருளே வேறு. வீணாக என் பலிபீடத்தில் தீ மூட்டுவதைவிட யாராவது கதவை மூடினால் நலம் என்று தேவனே ஏங்குகிற மாதிரி இருக்கிறது. அரக்கு வைத்த கதவைத் தினமும் கடந்து போகிற எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படி இரண்டு பொருளுக்கு இடமுள்ள வசனங்களில் இந்தப் பதிப்பு ஒரு அடிக்குறிப்பாவது போட்டிருக்கலாம். ஒன்றுமே இல்லை. கையில் வசதியிருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

முன்னுரையும் மிகச் சுருக்கம். இந்த நடை எங்கிருந்து வந்தது என்று வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டும். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சானது. பின்னால் சென்னை வேப்பேரியில் இருந்த இன்னொரு ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸ் புதிய ஏற்பாட்டை 1772-இல் வெளியிட்டார், அவருடைய பழைய ஏற்பாடு அவர் இறந்த பிறகு 1796-இல் வந்தது. நாம் இன்று வாசிப்பது 1871-இல் பவர் ஐயர் தலைமையிலான குழு முடித்தது, அதன் கீழே பப்ரிசியுஸின் உழைப்பு இருக்கிறது. இந்தப் பப்ரிசியுஸ் கடைசிக் காலத்தில், பிறர் நம்பிக் கொடுத்த பணத்தைக் கடன் கொடுத்துச் சிக்கிக்கொண்டு, கடனுக்காகச் சிறைக்கே போனவர். இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. பண விஷயத்தில் அப்படித் தடுமாறிய ஒருவர் கையால் வந்த வார்த்தைதான் எங்கள் ஆச்சிமார்களை மூன்று தலைமுறை தாங்கியிருக்கிறது. அவர் செய்தது சரி என்று சொல்லவில்லை, ஏமாந்தவர்களுக்கு அது பெரிய நஷ்டம்தான். ஆனாலும் வார்த்தை நின்றது.

இனி கட்டமைப்பு. பைண்டிங்தான் பெரிய ஏமாற்றம். தைத்த பைண்டிங் என்று கடைக்காரர் சொன்னார், ஆறு மாதத்தில் சங்கீதத்துக்கும் நீதிமொழிகளுக்கும் நடுவில் பசை விட்டு ஒரு கற்றைத் தாள் தனியாக வந்துவிட்டது. கோயில்பிள்ளை தாத்தா கஞ்சிப் பசை காய்ச்சி ஒட்டிக்கொடுத்தார், அது இன்னும் நிற்கிறது. நாடா ஒன்றுதான், பழைய ஏற்பாட்டுக்கு ஒன்று, புதிய ஏற்பாட்டுக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருக்கலாம். ஓர வெட்டில் சிறிய தீர்க்கதரிசிகள் எல்லாரையும் ஒரே வெட்டில் போட்டுவிட்டார்கள், ஓசியாவும் மல்கியாவும் தேடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் தினசரித் தொல்லை. கனமும் அதிகம், அம்மா மடியில் தலையணை வைத்து அதன்மேல் வைத்துத்தான் வாசிக்கிறார்கள்.

கோயில் இன்னும் திறக்கவில்லை. வழக்கு ஓடுகிறது. மரத்தடி நாற்பது பேர் இப்போது இருபத்தைந்து பேர், சிலர் வேறு சபைக்குப் போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருப்பவர்கள் தானியேல் 9-ஐ வைத்துத்தான் ஜெபிக்கிறோம். நேர்மையாக வாழ்ந்த தானியேல் 'நாங்கள் பாவஞ்செய்து' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு சொல்லும் ஜெபம் அது. இரண்டு அணியிலிருந்தும் ஆள் வருகிறார்கள், ஒரே பாயில் உட்காருகிறார்கள், கணக்கு கேட்பதையும் விடவில்லை. சித்தப்பா மகளும் வருகிறாள். போன மாதம் அவள்தான் வாசித்தாள்.

வாங்குகிறவர்கள் கடையிலேயே பல இடங்களில் விரித்து, மடித்த தாள் கற்றைகளின் நடுவில் தையல் நூல் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள், எங்கேயும் நூல் தெரியாவிட்டால் அது பசையாகத்தான் இருக்கும், வேறு பிரதி கேளுங்கள். சிவப்பு எழுத்து இல்லாத அச்சும் உண்டு, வயதானவர்களுக்கு அதையே வாங்குங்கள். ஜிப் உறை தனியாக விற்கிறார்கள், நடுத்தர அளவு இதற்குப் பத்தாது, புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்து ஜிப்பை முழுவதும் இழுத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.