அல்புமின் பாட்டிலும் சலைன் பையும்

ரத்தக் குழாயில் திரவம் குறைந்தால் சொட்டுசொட்டாக ஏற்றுபவை சலைனும் அல்புமினும். சலைன் பிளாஸ்டிக் பையில் வருகிறது. மருந்து இறங்க இறங்கப் பை தானாக ஒட்டிப்போகும். அல்புமின் பெரும்பாலும் கண்ணாடிப் பாட்டிலில், நீர்த்த தேன் நிறத்தில் இருக்கும். குலுக்கினால் நுரைத்துவிடும். கண்ணாடி சுருங்காது, ஆகவே காற்று நுழைய வழியுள்ள குழாயைப் பொருத்தாவிட்டால் சொட்டு பாதியில் நின்றுவிடும். ஒன்று வெறும் உப்பும் நீரும். மற்றது கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்து, 60 டிகிரி செல்சியஸில் 10 மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கிய புரதம். விலை ஏணி வைத்தாலும் எட்டாத அளவுக்கு வேறுபடுவதில் வியப்பில்லை.

விலைக்கேற்ற பலன் உண்டா? ஏட்டளவில் உண்டு. ஏற்றிய சலைனில் ஏறக்குறைய கால் பங்குதான் ரத்தக் குழாய்க்குள் தங்கும். மிச்சம் திசுக்களுக்குள் கசிந்துவிடும். அல்புமினின் மூலக்கூறு பெரியது, நீரையும் பிடித்துவைக்கும். எனவே ஒரு லிட்டர் அல்புமின் மூன்று, நான்கு லிட்டர் சலைனுக்குச் சமம் என்று கணக்குப் போட்டார்கள்.

படுக்கையருகில் அந்தக் கணக்கு பொய்த்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 6,997 நோயாளிகளைச் சேர்த்து நடந்த 'சேஃப்' ஆய்வு 2004-இல் வெளியானது. பாதிப் பேருக்கு 4 சதவீத அல்புமின், பாதிப் பேருக்குச் சலைன். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் அல்புமின் பக்கம் 726, சலைன் பக்கம் 729. தேவைப்பட்ட சலைனோ அல்புமினைப் போல் சுமார் 1.4 மடங்குதான். கடும் நோயில் ரத்தக் குழாய்ச் சுவரே ஓட்டை விழுந்த குடம்போல் ஆகிவிடுகிறது; அல்புமினும் கசிகிறது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்தான், அல்புமின் உயிரையே பறிக்கிறது என்று ஒரு தொகுப்பாய்வு கிளப்பிய பீதி மருத்துவ உலகை உலுக்கியிருந்தது. அந்தப் பீதியும் இதோடு அடங்கியது.

ஓரிடத்தில் மட்டும் அடங்கவில்லை. அதே ஆய்வில், தலையில் பலத்த அடிபட்டவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அல்புமின் பெற்றவர்களில் 33 சதவீதம் பேரும் சலைன் பெற்றவர்களில் 20 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். மூளைக் காயத்தில் அல்புமினைத் தவிர்ப்பதே சரி.

அதற்காகச் சலைன் பரம சாது என்று எண்ண வேண்டாம். அதன் ஒரு லிட்டரில் 154 மில்லிமோல் குளோரைடு. ரத்தத்தில் இருப்பது 100-ஐ ஒட்டித்தான். லிட்டர் லிட்டராக ஏற்றினால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும். அந்த இடத்தில் சலைனுக்கு உண்மையான போட்டி, குளோரைடு குறைந்த இன்னொரு சொட்டுத் திரவமான ரிங்கர் லாக்டேட்; அல்புமின் அல்ல.

கல்லீரல் சுருக்க நோய்க்கு வந்தால் கதையே மாறுகிறது. வயிற்றில் கோத்த நீரை ஒரே மூச்சில் ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் அல்புமின் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் ரத்த ஓட்டம் தடுமாறிச் சிறுநீரகம் அடி வாங்கும். அந்த நீரில் கிருமித் தொற்று ஏற்பட்டவர்களுக்கு ஆன்டிபயாட்டிக்குடன் அல்புமினும் சேர்த்தபோது, சிறுநீரகப் பழுது 33 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக இறங்கியது என்று 1999-இல் வந்த ஆய்வு காட்டியது. இங்கே நான் விலையைப் பற்றி வாயே திறக்க மாட்டேன்.

எரிச்சலூட்டுவது வேறொன்று. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் அல்புமின் டெசிலிட்டருக்கு 2.4 கிராம் என்று இருந்தால் போதும், "புரதம் குறைந்துவிட்டது, பாட்டில் ஏற்றுங்கள்" என்று கேட்கிறார்கள். இது உணவு ஆகாது. அந்த எண் குறைந்ததற்கு நோய்தான் காரணம், எண்ணை மட்டும் தூக்கி நிறுத்தினால் நோய் போய்விடாது. 2021-இல் வெளியான 'அட்டையர்' ஆய்வில், கல்லீரல் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்த 777 பேரில் ஒரு பிரிவினருக்கு, அந்த அளவு 3-ஐத் தொடும்படி 20 சதவீத அல்புமினைத் தினமும் ஏற்றிப் பார்த்தார்கள். தொற்று, சிறுநீரகப் பழுது, இறப்பு எதுவும் குறையவில்லை. நுரையீரலில் நீர் கோத்தவர்கள்தான் மற்றப் பிரிவைவிட அந்தப் பிரிவில் கூடுதல்.