எவரெஸ்டா, அன்னபூர்ணாவா: நண்பர்களோடு எந்த அடிவார முகாமுக்குச் செல்லலாம்?

நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்திலும், அன்னபூர்ணா முகாம் 4,130 மீட்டரிலும் உள்ளன. முதன்முறை செல்லும் குழுவுக்குப் பின்னதையே பரிந்துரைப்பேன். எவரெஸ்ட் முகாமில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே என்பதால், நாம்சே, திங்போச்சே ஆகிய ஊர்களில் கூடுதல் நாள் தங்கி உடலைப் பழக்க வேண்டும். ஒருவருக்குத் தலைவலியும் குமட்டலும் முற்றினால், மற்றவர்கள் எவ்வளவு தெம்பாக இருந்தாலும், யாரேனும் ஒருவர் அவருடன் கீழே இறங்கியாக வேண்டும். மேகமூட்டத்தால், நடை தொடங்கும் ஊரான லுக்லாவுக்கான விமானம் தள்ளிப்போவதும் வழக்கம்.

அன்னபூர்ணாவுக்கோ பொக்காரா நகரிலிருந்து சாலை வழியே சென்று நடையைத் தொடங்கலாம். ஆனால் அங்குள்ள கற்படிகள் முழங்காலைப் பதம்பார்த்துவிடும். வழியிலுள்ள தியுராலி என்ற இடத்துக்கு மேலே பனிச்சரிவு அபாயமும் உண்டு. இருந்தாலும், எவரெஸ்ட் முகாமில் நின்றால் எவரெஸ்டின் உச்சி தெரியாது, நுப்ட்சே சிகரம் மறைத்துக்கொள்ளும். அன்னபூர்ணா முகாமைச் சுற்றிலும் சிகரங்களே.