எஸ்டிசிசி, ஜிசிசி: அன்சைன்ட் கணக்கில் எதை எவ்வளவு நம்பலாம்?

மணலியிலிருந்து எண்ணூர் வரை கன்டெய்னர் லாரிகள் ஏறி இறங்கும் வே பிரிட்ஜ் எடை மேடைகளின் டிஸ்ப்ளே கார்டுகளுக்கு புரோகிராம் எழுதுவதும் ரிப்பேர் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. பட்டறை தண்டையார்பேட்டையில். பல வருடம் 8 பிட் 8051 சிப்பும், சி புரோகிராமை சிப்புக்குப் புரியும் கோடாக மாற்றும் எஸ்டிசிசி கம்பைலரும். பிறகு 32 பிட் எஸ்டிஎம்32 போர்டும் ஜிசிசி கம்பைலரும். இந்த இரண்டும் அன்சைன்ட் இன்டிஜரை, அதாவது மைனஸே இல்லாத முழு எண்ணை, எப்படிக் கையாள்கின்றன என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். மற்ற குணம் குறையெல்லாம் இன்னொரு நாள்.

எங்கள் தொழிலில் அன்சைன்ட் இல்லாமல் நடக்காது. 60 டன் மேடை என்றால் கிலோவில் 60,000. மைனஸையும் தாங்கும் சைன்ட் 16 பிட் 32,767-லேயே முடிந்துவிடும், அன்சைன்ட் 65,535 வரை தாங்கும். எனவே பழைய கார்டுகள் எல்லாவற்றிலும் எடை அன்சைன்ட்தான். அதன் விளைவும் தெரிந்ததே. மழை பெய்து ஜீரோ கொஞ்சம் நகர்ந்தால் மேடையிலிருந்து போன் வரும்: "அண்ணா, வண்டியே ஏறல, அறுபத்தஞ்சாயிரத்து ஐந்நூத்திப் பதினாறு காட்டுது." மைனஸ் 20 கிலோ, 16 பிட்டில் சுற்றிக்கொண்டு 65,516 ஆகிவிட்டது. இதில் கம்பைலரைத் திட்டிப் பயனில்லை. அன்சைன்ட் கணக்கு எல்லை தாண்டினால் சுற்றி வர வேண்டும் என்பது 1989-ல் வந்த சி தரத்திலேயே இருக்கிறது. எஸ்டிசிசியும் சரி, ஜிசிசியும் சரி, நான் பார்த்தவரை இந்த விதியில் ஒருமுறைகூட வழுக்கியதில்லை.

வழுக்குவது வேறு இடத்தில். சி மொழியில், வழக்கமான முழு எண் டைப்பான இன்ட்டை விடச் சின்ன டைப் எதுவானாலும், கணக்குக்குள் போகும் முன் இன்ட்டாக உயர்த்தப்படும். எஸ்டிசிசியில் இன்ட் 16 பிட். ஆகவே 16 பிட் அன்சைன்ட் அங்கே அன்சைன்டாகவே இருக்கும். எஸ்டிஎம்32-ல் இன்ட் 32 பிட். அதே 16 பிட் அன்சைன்ட் அங்கே சைன்ட் இன்ட்டாக மாறிவிடும். சோர்ஸில் ஓர் எழுத்து மாறவில்லை, கணக்கின் குணமே மாறிவிட்டது.

சில நேரம் இது நல்லதாகவே முடியும். 60,000-ஐ 100-ஆல் பெருக்கினால் 8051-ல் 36,224 வரும். ஜிசிசியில் 60 லட்சம் என்று சரியாக வரும். ஆனால் 65,535-ஐ அதனாலேயே பெருக்கினால் 8051-ல் ஒழுங்காக 1 வரும். எஸ்டிஎம்32-ல் விடை சைன்ட் 32 பிட்டைத் தாண்டுவதால் சி தரம் கையை விரித்துவிடும், கோடை வேகமாக்கும் ஆப்டிமைசர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அன்சைன்ட் என்று நம்பி எழுதிய வரியில் சைன்ட் ஓவர்ஃபுளோ!

மோசமானது டைமர். மில்லிசெகண்டை எண்ணும் 16 பிட் கவுன்டர் 65.5 விநாடிக்கு ஒருமுறை சுற்றும். எடை ஆடாமல் நின்று அரை விநாடி ஆனதா என்று பார்க்க, இப்போதைய நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழித்து 500-ஐத் தாண்டியதா என்று கேட்போம். தொடக்கம் 65,200, இப்போது 200 என்றால் 8051-ல் விடை 536, தாண்டிவிட்டது. எஸ்டிஎம்32-ல் மைனஸ் 65,000. கவுன்டர் எத்தனை முறை சுற்றி வந்தாலும் வித்தியாசம் 335-க்கு மேல் ஏறாது. எடை லாக் ஆகவே ஆகாது. சுற்றின் கடைசி அரை விநாடியில் தொடங்கினால் மட்டும்தான் இந்தக் கோளாறு, அதாவது நூறில் ஒரு தடவைகூட இல்லை. மேடையில் இருப்பவர் கார்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார், சரியாகிவிடும். பட்டறைக்குக் கொண்டு வந்தால் நாள் முழுக்க நல்ல பிள்ளையாக ஓடும்.

இதற்கு வார்னிங்கும் வராது. ஜிசிசியில் எக்ஸ்ட்ரா வார்னிங், கன்வர்ஷன் வார்னிங் இரண்டையும் போட்டாலும் வாய் திறக்காது. சைன்ட் இன்ட்டை சைன்ட் இன்ட்டோடுதானே ஒப்பிடுகிறோம்! ஓடும்போதே தப்பான கணக்கைக் கண்டுபிடிக்கும் அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரும் பிடிக்காது, காரணம் ஓவர்ஃபுளோவே நடக்கவில்லை. கிளாங் என்ற இன்னொரு கம்பைலரில் அன்சைன்ட் சுற்றலுக்கென்றே தனி சானிடைசர் உண்டு. அதை ஆன் செய்தால் வேண்டுமென்றே சுற்றவிடும் 32 பிட் செக்சம் கூட்டலில் கத்தித் தீர்க்கும், இந்த இடத்தில் மூச்சு விடாது. கழித்த விடையைத் திரும்ப 16 பிட் அன்சைன்டாக காஸ்ட் செய்வதுதான், அதாவது டைப்பை மாற்றுவதுதான், தீர்வு. சின்ன வேலைதான், ஆனால் எந்த வரியில் என்பது தெரிய வேண்டுமே.

அதற்காகத்தான் ஒரு சோதனை ஃபைல் வைத்திருக்கிறேன். 0, 1, 127, 128, 255, 256, 32,767, 32,768, 65,535: இவற்றை ஜோடி ஜோடியாகக் கூட்டி, கழித்து, பெருக்கி, ஒப்பிட்டு சீரியல் போர்ட்டில் கொட்டும். எண்கள் எல்லாம் வோலடைல், அதாவது ஓடும்போதே மெமரியிலிருந்து படிக்க வேண்டியவை. அது இல்லாவிட்டால் கம்பைலரே பிசியில் உட்கார்ந்து விடையைக் கணக்கிட்டு ஒட்டிவிடும். சிப்பில் ஓடும் கோடு சோதிக்கப்பட்டதாகவே ஆகாது. வர வேண்டிய விடைகளை பைத்தானில் தனியாகப் போட்டு ஒப்பிடுகிறேன். 8051 பக்கம் எஸ்டிசிசியோடு வரும் யூசிம் சிமுலேட்டரிலேயே ஓடிவிடும், கார்டு தேவையில்லை. எஸ்டிஎம்32-க்கு ரிச்சி தெருவில் வாங்கிய போர்டு ஒன்று மேஜையிலேயே கிடக்கிறது. ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஒருமுறை, ஓ2 ஆப்டிமைசேஷனில் ஒருமுறை. இரண்டு அவுட்புட்டும் வேறுபட்டால், பெரும்பாலும் என் கோடில் சைன்ட் ஓவர்ஃபுளோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

8051-லேயே இருப்பவர்கள் அன்சைன்ட் கணக்கை நினைத்து எஸ்டிசிசியை மாற்ற வேண்டியதில்லை. 32 பிட் வகுத்தல்தான் அங்கே ஆமை வேகம், சிப்பில் 8 பிட் வகுத்தல் மட்டுமே இருப்பதால் மற்றதெல்லாம் லைப்ரரி செய்ய வேண்டும். 100 டன் மேடை கேட்பவர்களுக்கு 16 பிட் எப்படியும் போதாது, அவர்களை நேராக எஸ்டிஎம்32-க்குத்தான் அனுப்புகிறேன். சி தரத்தின் புதிய பதிப்பான சி23-ல் வந்திருக்கும் பிட்இன்ட் டைப்புக்கு இந்த இன்ட் உயர்த்தல் கிடையாது. 16 பிட் என்று சொன்னால் கழித்தாலும் 16 பிட்டாகவே நிற்கும். எஸ்டிசிசியின் புதிய பதிப்புகளில் அது இருக்கிறது. டைமர் வரிகளை அதில் மாற்றி எழுதிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.