அந்தக் காபி மக்குடன் எட்டு வருடம்: வாங்கலாமா என்று கேட்ட தோழிக்கு

போன வாரம் டாலஸிலிருந்து என் கல்லூரித் தோழி கூப்பிட்டாள். அவள் மகள் அடுத்த மாதம் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். கொடுத்தனுப்ப ஏதாவது பரிசு வேண்டும். "உன் மேஜை மேல ஒரு மக் இருக்குமே, வீடியோ கால்ல எப்பவும் பாப்பேனே, அது இப்ப ஏழு டாலர்தான் போட்டிருக்கான். வாங்கட்டுமா?" என்றாள்.

அதை நான் 2017 மார்ச்சில் பதினாறு டாலர் கொடுத்து வாங்கினேன். அவள் கேட்டதற்கு இரண்டு நாள் முன்புதான் அதன் கைப்பிடி சிங்க்கில் கழன்று விழுந்திருந்தது. என் கணவர் எபாக்ஸி பசை வைத்து ஒட்டி, ரப்பர் பேண்டு சுற்றி, ஜன்னலோரம் காயவைத்திருந்தார். அந்த எரிச்சலில் போனில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

பதினோரு அவுன்ஸ், வெள்ளைப் பீங்கான், கறுப்பு எழுத்து. எல்லோர் வீட்டிலும் இருக்கும் மக்தான். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கைப்பிடிக்குள் நான்கு விரலும் தாராளமாக நுழையும். மாசசூசெட்ஸ் ஜனவரியில், விடியற்காலை ஆறு மணிக்கு, விரல்கள் மரத்துப்போயிருக்கும் நேரத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருந்தால்தான் தெரியும். ஃபில்டர் காபிக்கு இந்த அளவு ஒத்துவராது. பாதிதான் நிரம்பும், சீக்கிரம் ஆறிப்போகும். சுக்குமல்லிக் காபிக்கும், சளி பிடித்த நாளில் ரசத்துக்கும் இதைவிட நல்ல பாத்திரம் எங்கள் வீட்டில் இல்லை. எட்டு வருடத்தில் மூன்று முறை கீழே விழுந்தும் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. பீங்கான் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறையெல்லாம் எழுத்தில்.

மூன்று வரி எழுத்து. மேலே 'நெவர்தெலெஸ்', நடுவில் 'ஷி', கீழே 'பெர்சிஸ்டட்'. ஆனாலும் அவள் விடவில்லை என்று அர்த்தம். வாங்கின இரண்டாம் வருடமே கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற எழுத்துகள் வெளிற ஆரம்பித்தன. நாலாவது வருடம் மேல் வரியில் 'நெவர்' மட்டும் மிஞ்சியது. கீழே 'பெர்சிஸ்' வரைக்கும்தான் படிக்க முடியும். 'நெவர்' என்றால் ஒருபோதும் இல்லை. ஆக, விடாமல் தொடர்ந்தாள் என்று சொல்ல வந்த மக், அவள் ஒருபோதும் தொடரவில்லை என்று சொல்லிக்கொண்டு என் மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அப்படியேதான் வாசித்தாள். "இது ஏன் இப்படி எழுதியிருக்கு?" என்று உண்மையாகவே கேட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று தேடித் தெரிந்துகொண்டேன். உனக்கும் பயன்படும். மலிவான மக்குகளில் பெரும்பாலும் சப்ளிமேஷன் அச்சுதான். பீங்கானில் அந்த மை நேரடியாக ஒட்டாது. அதற்காக மேலே மெல்லிய பாலிமர் பூச்சு கொடுத்திருப்பார்கள். மக்கைச் சுற்றிக் காகிதத்தைக் கட்டி ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் அழுத்தினால், மை ஆவியாகி அந்தப் பூச்சுக்குள் போய் உட்காரும். சூடாக்கும் பட்டை கைப்பிடிக்குப் பக்கத்தில் சரியாகப் படியாது. அங்கே அழுத்தம் குறைவு, மை இறங்குவதும் குறைவு. அப்புறம் டிஷ்வாஷரின் சூடும் காரமான சோப்பும் அந்தப் பூச்சையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். உலையில் வைத்துச் சுட்ட டெக்கல் அச்சு (ஒட்டுப்பட அச்சு) என்றால் கதையே வேறு. அது கண்ணாடிப் பூச்சோடு கலந்துவிடும், வருடக்கணக்கில் நிற்கும். விரலால் தடவிப் பார்த்தால் எழுத்து லேசாக மேடாகத் தெரியும். என்னுடையது மழமழவென்று இருக்கும். பெட்டியில் 'டிஷ்வாஷரில் போடலாம்' என்று போட்டிருந்தார்கள். கம்பெனிக்கு எழுதிக் கேட்டபோது 'கையால் கழுவுவது நல்லது' என்று பதில் வந்தது. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் கையாலேயே கழுவியிருப்பேன்.

சரி, ஒரு மக்கின் எழுத்துக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று நீ கேட்பாய். அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கேட்கமாட்டாய்.

2017 பிப்ரவரி 7, செவ்வாய் இரவு. ஜெஃப் செஷன்ஸை அட்டர்னி ஜெனரல் (நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரி) ஆக்குவதா என்று செனட்டில் விவாதம். எங்கள் மாநில செனட்டர் எலிசபெத் வாரன் ஒரு கடிதத்தை எடுத்து வாசிக்கிறார். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் 1986-ல் எழுதியது. அப்போது செஷன்ஸை மத்திய நீதிபதி ஆக்கப் பார்த்தார்கள். கறுப்பின மக்கள் ஓட்டுப் போடுவதை அச்சுறுத்தத் தன் பதவியைப் பயன்படுத்தியவர் இவர், இவரை நீதிபதி ஆக்காதீர்கள் என்று அந்த அம்மா செனட் குழுவுக்கு எழுதியிருந்தார். அந்த முறை குழுவே அவரை நிராகரித்தது. முப்பத்தொரு வருடம் கழித்து அதே கடிதத்தை அதே செனட்டில் வாசித்தபோது, சக செனட்டரை (செஷன்ஸும் அப்போது செனட்டர்தான்) இழிவாகப் பேசக் கூடாது என்ற 19-ஆம் விதியைக் காட்டி நிறுத்தினார்கள். 1902-ல் தென் கரோலினா செனட்டர்கள் இருவர் அவையிலேயே அடித்துக்கொண்டதால் வந்த விதி அது. ஓட்டெடுப்பில் 49-க்கு 43. வாரன் அந்த விவாதம் முடியும்வரை பேச முடியாமல் உட்கார வேண்டியதாயிற்று.

ஏன் நிறுத்தினோம் என்று பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல் விளக்கினார். அதில் கடைசி மூன்று வாக்கியம் இவை. "எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. விளக்கமும் தரப்பட்டது. ஆனாலும் அவர் விடவில்லை."

வாரன் வெளியே போய், மூடிய கதவுக்கு வெளியில் நின்று, முழுக் கடிதத்தையும் போனில் நேரலையாக வாசித்தார். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். அப்புறம் ஆண் செனட்டர்கள் சிலர் அதே கடிதத்திலிருந்து அதே அவையில் வாசித்தார்கள். அவர்களை யாரும் நிறுத்தவில்லை. சில நாளிலேயே அந்த மூன்றாம் வாக்கியம் டி-ஷர்ட்டில், பையில், மக்கில் வந்துவிட்டது. பெண்கள் வரிசையில் நின்று பச்சை குத்திக்கொண்டார்கள். 2018 மகளிர் வரலாற்று மாதத்தின் கருப்பொருளே அந்த வாக்கியம்தான்.

நான் அப்போது என்ன நிலையில் இருந்தேன் என்று உனக்குத் தெரியும். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வந்து நான்கு வருடம் வேலைக்குப் போக அனுமதியே இல்லாமல் இருந்தவள். 2015 மே மாதம் விதி மாறியது, வேலை அனுமதி அட்டை கிடைத்தது. சிபிஏ பரீட்சைக்கு, அதாவது கணக்குத் தணிக்கையாளர் உரிமத்துக்கான பரீட்சைக்கு, உட்கார்ந்தேன். நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 75 வேண்டும். அப்போதைய விதிப்படி, முதல் தாளில் பாஸ் ஆன நாளிலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் நான்கையும் முடிக்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் பாஸ் ஆன தாளும் போய்விடும். ஆடிட் தாளில் எனக்கு முதல் முறை 71. இரண்டாம் முறை 73. மூன்றாம் முறை 74. ஒவ்வொரு முறையும் மதிப்பெண்ணோடு ஒரு தாள் வரும், எந்தப் பகுதியில் நான் பலவீனம், எதில் மற்றவர்களுக்குச் சமம் என்று. 2017 டிசம்பரில், ஹெச்-4 வேலை அனுமதியையே எடுத்துவிடப் போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. கடைசியில் எடுக்கவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க எடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் படித்தேன். 74 வந்த அன்றைக்கு இந்த மக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சுக்குமல்லிக் காபி ஆறி, மேலே ஆடை மாதிரி ஒன்று படிந்துவிட்டது. நாலாவது முறை 79.

என் அம்மா 2018 கோடையில் கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். மக்கைக் கழுவிக்கொண்டே, "ஏங் கண்ணு, இதுல என்ன எழுதீருக்குது?" என்று கேட்டாள். மொழிபெயர்க்கப் போய் நடுச் சொல்லிலேயே சிக்கிக்கொண்டேன். ஆங்கிலத்தில் 'ஷி' என்றால் போதும். தமிழில் அவளா, அவரா? அவையில் ஒரு செனட்டர் இன்னொரு செனட்டரைச் சொல்வது, அதனால் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வாக்கியத்தின் தொனியில் 'அவள்' இருக்கிறது, சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையைப் பற்றிப் பக்கத்து வீட்டில் முறையிடுகிற 'அவள்'. வாங்கி வைத்துக்கொண்ட பெண்களோ அதே 'அவளை' எங்கள் வீட்டுப் பிள்ளை என்று உரிமையோடு சொன்னார்கள். இரண்டும் ஒரே சொல். நான் அம்மாவிடம், "சொல்லிப் பாத்தாங்களாம், விளக்கிப் பாத்தாங்களாம், அப்பவும் அவ விடலையாம்" என்றேன்.

அம்மா மக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சொல்லிப் பாத்தாங்கங்கறது எங்க எழுதீருக்குது?"

எழுதவில்லை. மூன்று வாக்கியத்தில் மூன்றாவது மட்டும்தான் மக்கில் இருக்கிறது. ஒரு வருடமாக அதை நான் கவனிக்கவே இல்லை. அம்மா கேட்ட பிறகு, எழுத்து வெளிறிப்போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய உறுத்தலாகிவிட்டது. எச்சரித்தார்கள் என்பதும், விளக்கினார்கள் என்பதும் இல்லாமல் 'விடவில்லை' என்று மட்டும் போட்டால், பொங்கல் வாழ்த்து அட்டை வாசகம் மாதிரி ஆகிவிடுகிறது. என்னிடம் 71, 73, 74 மூன்று தாளும் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு 79-ஐ மட்டும் சட்டம் போட்டு மாட்டினால் நடந்தது என்னவென்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் அதில் இல்லை. மறுநாள், பிப்ரவரி 8-ஆம் தேதி, 52-க்கு 47 ஓட்டில் செஷன்ஸ் அட்டர்னி ஜெனரல் ஆகிவிட்டார். கடிதம் எதையும் தடுக்கவில்லை. வாரன் 2019-ல் லாரன்ஸ் ஊரின் பழைய பஞ்சாலைக்கு முன்னால் நின்று, 1912-ல் அங்கே கடுங்குளிரில் வேலைநிறுத்தம் செய்த பெண்களைப் பற்றிப் பேசி, ஜனாதிபதித் தேர்தலுக்கு இறங்கினார். டி.வி.யில் பார்த்தபோது கையில் இந்த மக்தான். 2020 மார்ச்சில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டெடுப்பில், சொந்த மாநிலத்திலேயே மூன்றாம் இடம். இரண்டு நாளில் விலகினார். எனக்கு ஓட்டு இல்லை, பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடிந்தது. அழுதேன்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தைச் சொன்ன மெக்கானல் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவருக்கு இரண்டு வயதில் போலியோ வந்து, அவர் அம்மா இரண்டு வருடம் தினமும் விடாமல் காலுக்குப் பயிற்சி கொடுத்து நடக்க வைத்தார் என்று படித்தபோது கொஞ்ச நேரம் அந்த அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த மக்கிலும் அந்த அம்மாவைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கைப்பிடி காய்ந்துவிட்டது, பார்க்கப் பழையபடிதான் இருக்கிறது. ஆனால் எபாக்ஸி சூட்டில் இளகும் என்பதால் கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தூக்குவதில்லை. இரண்டு கையாலும் உடம்பைப் பிடித்துக் குடிக்கிறேன். பிடிக்க நல்ல மக், நல்ல பீங்கான், குடித்தால் திருப்தி. எல்லாம் உண்மை.

உன் மகளுக்கு வாங்காதே. அந்த ஏழு டாலருக்குக் கொரெட்டா ஸ்காட் கிங்கின் கடிதத்தை நல்ல தாளில் அச்சடித்து அவள் பெட்டியில் வை. இணையத்தில் முழுசாகக் கிடைக்கிறது. முதலில் அதைப் படிக்கட்டும். அங்கே போய் அவளிடம் யாராவது எச்சரித்து, விளக்கம் சொல்லி, உட்கார் என்று சொன்ன பிறகு மக் கேட்டால் அப்போது பார்க்கலாம்.

எனக்கு மட்டும் ஒன்று வாங்கி அனுப்பு. எழுத்தைத் தடவிப் பார்த்து, மேடாக இருந்தால் மட்டும் வாங்கு. காசு அனுப்பிவிடுகிறேன். மற்ற இரண்டு வாக்கியத்தையும் அடியில் நானே பெயின்ட் மார்க்கரால் எழுதிக்கொள்கிறேன்.