பதினைந்து வயது எழுதிய கடிதம்

மார்ச்சில் மொழிப்பள்ளி முடிந்தது, ஏப்ரலில் டோக்கியோவில் முதல் வேலை. இடையில் இருந்த மூன்று வாரமும் ரயிலில் நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஜப்பானியப் பாடகி ஏஞ்சலா அக்கியின் 'தெகமி' பாட்டு. பெயருக்குப் பொருளே கடிதம்தான்.

2008-இல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. நடத்தும் பள்ளி இசைப் போட்டியில் நடுநிலைப் பள்ளிப் பிரிவு மாணவர்கள் பாட வேண்டிய பாட்டாக வந்தது இது. முதல் பகுதியில் பதினைந்து வயதுப் பிள்ளை, வருங்காலத்தில் இருக்கும் தனக்கே எழுதுகிறது: யாரிடமும் சொல்ல முடியாத கவலை, அழுகை. இரண்டாம் பகுதியில் வளர்ந்தவர் பதில் எழுதுகிறார். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று அவர் பூசி மெழுகவில்லை. பெரியவனானாலும் வலிக்கும், தூக்கம் வராத இரவு உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. தைரியம் சொல்பவர் முதலில் உண்மை சொல்ல வேண்டும் இல்லையா? சொற்களும் எளிமை, நடுத்தர ஜப்பானியம் தெரிந்தாலே பெரும்பாலும் புரியும்.

விடைபெறும் காலத்தில் ஜப்பானில் பாடப்படும் வேறு பாட்டுகளும் உண்டு. ரெமியோரோமென் என்ற இசைக்குழுவின் 'மார்ச் 9' நண்பரின் திருமணத்துக்காகப் பிறந்த பாட்டு. இதமானது, ஆனால் பயந்துபோன மனதுக்குப் போதவில்லை.

'தபிதாச்சி நோ ஹி நி' (புறப்படும் நாளில்) பாட்டைக் கட்டாயம் சேர்ந்திசையாகவே கேளுங்கள். 1991-இல் சிச்சிபு என்ற ஊரில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் வரிகள் எழுத, இசை ஆசிரியை மெட்டமைத்தார், விடைபெறும் தங்கள் மாணவர்களுக்காக. தனிக்குரலில் பாதி உயிர்தான் வருகிறது. குரல்கள் பிரிந்து மறுபடி சேரும் இடத்துக்காகவே இன்னொரு முறை போடுவேன்.