மார்வாரியா, கத்தியவாரியா? காதைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஆடி மாத அந்தியூர் குதிரைச் சந்தையில் பலரும் முதலில் பார்ப்பது காதைத்தான். நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் உடனே "மார்வாரி" இனம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கத்தியவாரி இனத்துக்கும் அதே காதுதான் சாமி!

முகத்தைப் பாருங்கள். ராஜஸ்தான் மார்வாரிக்கு முகம் நீளம், நேராக இறங்கும், சிலதற்கு மூக்குத்தண்டு லேசாகப் புடைத்திருக்கும். குஜராத் சௌராஷ்டிரத்துக் கத்தியவாரிக்கு நெற்றி அகலம், அதன் கீழே முகம் குழிந்து, வாய்ப்பக்கம் சிறுத்திருக்கும். உயரமும் மார்வாரியைவிடக் கொஞ்சம் குறைவு, சராசரி 147 செ.மீ. என்பார்கள். முதுகில் கறுப்புக் கோடும் காலில் வரிகளுமாக மண்நிறக் குதிரை நின்றால் அது பெரும்பாலும் கத்தியவாரிதான். கறுப்பு நிறம் அதில் கிடையாது. மார்வாரியில் கறுப்பு உண்டு, ஆனால் ராசியில்லை என்று ஒதுக்குவார்கள். நம் ஊரில் பஞ்சகல்யாணி என்கிறோமே, முகத்திலும் நாலு காலிலும் வெள்ளை, அதற்குத்தான் அங்கேயும் மதிப்பு.

பரம்பரைப் பெருமையில் மார்வாரி சத்தம் போடும். ஜோத்பூரை ஆண்ட ராத்தோர்கள் வளர்த்த போர்க்குதிரை, சமஸ்தானங்கள் போனபின் பொதி சுமக்கும் நிலைக்கு வந்து, அழிவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியது. கத்தியவாரியை, சௌராஷ்டிரத்தின் காத்தி குலப் பிரபுக்களான தர்பார் வீடுகள் ஒவ்வொன்றும் தனித்தனி வம்சமாகவே வளர்த்தன, அந்த வம்சங்களுக்குப் பெரும்பாலும் தாய்க்குதிரையின் பெயர்தான், எனக்கு அது ரொம்பப் பிடித்த விஷயம். 1576 ஹல்திகாட்டிப் போரில் மகாராணா பிரதாப் ஏறிய குதிரையான சேதக்கை இரண்டு தரப்புமே தங்கள் இனம் என்கிறது, அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை.

சரி, நடை. இரண்டுக்கும் ரேவால் என்ற தனி நடை உண்டு. சாதாரண ஓட்டநடையில் குறுக்குக் கால்கள் ஜோடியாக எழுவதால் சேணத்தில் தூக்கித் தூக்கிப் போடும்; ரேவாலில் ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்தாற்போல் நகரும், முதுகு குலுங்காது, மணிக்கணக்கில் உட்காரலாம். எல்லாக் குதிரைக்கும் இது வராது. அதனால் விற்பவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வராமல், ஏறி உட்கார்ந்து பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

ஊர்வலம், கண்காட்சி என்றால் மார்வாரி. தினமும் ஏற ஒரு குதிரை என்றால் நான் கத்தியவாரி பக்கம். சின்ன உடம்பு, ஏறி இறங்கச் சுலபம், அப்புறம் அந்த மண்நிறத்தில் புழுதியும் தெரியாது!